பை கட்டாமல் கிளம்புங்கள்

வாசகர் கேள்வி:

எனக்கு வயது 37. சொந்த ஊர் பண்ருட்டிப் பக்கம் ஒரு கிராமம். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து புதுச்சேரி ரெட்டியார்பாளையத்தில் இருக்கிறோம். ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்கு எழுதுகிறேன். மாலை ஐந்தரைக்கு வேலை முடியும், சனிக்கிழமை அரை நாள். கணவருக்குக் கடலூர் சிப்காட்டில் ஷிப்ட் வேலை. மகனுக்கு 12 வயது, மகளுக்கு 7. மாமியாரும் எங்களோடு இருக்கிறார். பாண்டியிலேயே பிறந்து வளர்ந்தவர். இப்போது மூட்டுவலியால் வெளியே வருவதில்லை.

வாரம் முழுக்க ஞாயிற்றுக்கிழமைக்காகக் காத்திருக்கிறேன். அது வந்தால் துணி, கறி, வீடு துடைப்பது என்று போய்விடுகிறது. ஊரெல்லாம் பாண்டிச்சேரியைச் சுற்றிப்பார்க்க வருகிறார்கள். சனி, ஞாயிறு பீச் ரோடு பக்கம் வண்டி நிறுத்த இடம் இல்லை. அதனால் மாலுக்குப் போய், 2,000 ரூபாய் செலவழித்துத் தலைவலியோடு திரும்புகிறோம். மே மாதம் மூன்று நாள் ஊட்டிக்குப் போனோம். பை கட்டியது நான்தான். பிஸ்கட், மாத்திரை, பிளாஸ்க் எல்லாம் எடுத்து வைத்தது நான்தான். அறையில் ஈரத்துணி காயப்போட்டது நான்தான். திரும்பி வந்து நாலு நாள் துவைத்ததும் நான்தான். வழியெல்லாம் சண்டை. மகன் போனை விட்டுத் தலை நிமிரவில்லை.

நிம்மதியாக ஒரு நாள் வெளியே போய்வர எங்கே போகலாம்? மகள் வேறு, "ஆயா வீட்டுத் தோப்புக்கு எப்பம்மா போவோம்?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள். அதற்கும் நேரம் இல்லை.

பெயர் வேண்டாம், ரெட்டியார்பாளையம்.

மனநல ஆலோசகர் பதில்:

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை முதலில் ஒரு முறை படித்தேன். பிறகு பென்சிலை எடுத்துக்கொண்டு படித்தேன். ஊட்டிப் பயணத்தைச் சொல்லும் வரிகளில் "நான்தான்" என்ற சொல் நான்கு தடவை வருகிறது. "உட்கார்ந்தேன்" என்று ஓர் இடத்திலும் வரவில்லை. மூன்று நாளில் ஒரு மரத்தடியில், ஒரு பெஞ்சில், கையில் எதுவும் இல்லாமல் உட்கார்ந்ததாக நீங்கள் எழுதவே இல்லை. வீட்டில் செய்கிற வேலையைக் குளிரில் செய்துவிட்டு, அதற்குப் பணமும் கட்டிவிட்டு வந்திருக்கிறீர்கள். எங்கே போகலாம் என்று கேட்டிருக்கிறீர்கள், இடங்களைச் சொல்கிறேன். ஆனால் இந்த "நான்தான்" உங்களோடு கூடவே வந்தால் எந்த இடமும் உங்களுக்கு ஓய்வு தராது. அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

பண்ருட்டிப் பெண்ணுக்கு ஆற்றுத் திருவிழாவை நான் விளக்க வேண்டியதில்லை. தை மாதம் ஐந்தாம் நாள், தென்பெண்ணைக் கரையிலும் கெடிலக் கரையிலும் ஊர் ஊராகச் சாமிகள் தீர்த்தவாரிக்கு வந்து இறங்கும். நான் கடலூர் மஞ்சக்குப்பத்தில் வளர்ந்தவள். எங்கள் தெருவிலிருந்து ஏழெட்டுக் குடும்பம் சேர்ந்து பெண்ணையாற்றுக்குப் போவோம். எங்கள் வீட்டில் புளிசாதம் என்றால் எதிர்வீட்டில் தயிர்சாதம், பக்கத்து வீட்டு அத்தை துவையல். ஒரு வீட்டுக்கு ஒரு தூக்கு, அவ்வளவுதான். மணலில் போய் உட்கார்ந்துவிட்டால் அன்று யாருக்கும் நேரக்கணக்கு கிடையாது. பிள்ளைகள் மணலைத் தோண்டிக்கொண்டிருப்பார்கள். அம்மா யாரோ ஒருவர் தோளில் சாய்ந்து பேசிக்கொண்டிருப்பாள். இருட்டும் நேரத்தில் சுருளிக்கிழங்கு வாங்கிக்கொண்டு நடந்து திரும்புவோம். அம்மா வேறெந்த நாளிலும் அப்படிச் சாய்ந்து உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. பல வருடம் கழித்து இந்தத் தொழிலுக்கு வந்த பிறகுதான் காரணம் புரிந்தது. அன்று வேலை ஏழு பெண்களுக்குப் பகிர்ந்திருந்தது. இன்று நம் வீடுகளில் அதே வேலை ஒருத்தி தலையில் விழுகிறது. அவள் களைத்துப்போய்க் கடுகடுவென்று பேசினால், "ஊருக்கு வந்தும் இவளுக்குச் சந்தோஷம் இல்லை" என்று ஒரு பேச்சும் வருகிறது.

ஆகவே முதல் காரியம், சாப்பாட்டு நேரத்துக்கு நடுவில் வெளியே போங்கள். மாலை ஐந்தரைக்கும் ஏழரைக்கும் இடையில் போனால் எதுவும் கட்ட வேண்டாம். ஒரு தண்ணீர் பாட்டில் போதும். அதை மகன் தூக்கி வரட்டும். கடற்கரையில் பசித்தால் சுண்டல் இருக்கிறது, மாங்காய்ப் பத்தை இருக்கிறது. வீட்டில் இட்லி மாவு இருந்தால் இரவுச் சாப்பாட்டுக் கவலையும் இல்லை.

அடுத்து, ஞாயிற்றுக்கிழமையை விட்டுவிடுங்கள். ஷிப்ட் வேலை பார்க்கிறவர் வீட்டில் ஞாயிற்றுக்கிழமைதான் ஓய்வு நாள் என்று கட்டாயம் வைத்துக்கொள்வதால் நிறையச் சண்டை வருவதைப் பார்க்கிறேன். இரவு ஷிப்ட் முடித்து வந்தவரை ஞாயிறு காலை எழுப்பிக் கிளப்பினால் அவர் உடம்புதான் வரும், மனம் வராது. அவருக்குக் காலை ஷிப்ட் இருக்கும் வாரத்தைப் பாருங்கள். மதியத்துக்கு மேல் வீட்டுக்கு வந்து ஒரு தூக்கம் போட்டிருப்பார். அந்த வாரத்துச் செவ்வாயோ புதனோ போதும். சுற்றுலா வண்டிகள் எல்லாம் ஊர் திரும்பியிருக்கும், கடற்கரை நம் கைக்கு வந்திருக்கும்.

அன்று நீங்கள் அலுவலகத்திலிருந்து வீட்டுக்குப் போகவே வேண்டாம், நேராகக் கடற்கரைக்கு வந்துவிடுங்கள். இது மிக முக்கியம். வீட்டுக்குள் கால் வைத்தால் பாத்திரம் கண்ணில் படும், கொடியில் துணி கண்ணில் படும், உட்கார மனம் வராது. பிள்ளைகளை அழைத்து வருவது கணவர் பொறுப்பு. இதை அவரிடம் எப்படிச் சொல்வது என்று பலர் என்னிடம் கேட்பார்கள். "கொஞ்சம் ஹெல்ப் பண்ணுங்க" என்று சொல்லாதீர்கள். அப்படிச் சொன்னால் வேலை உங்களுடையது, அவர் கை கொடுக்கிறார் என்றுதான் ஆகும். "ஏங்க, செவ்வாக்கிழமை நான் ஆபீஸ்ல இருந்து நேரா காந்தி சிலைக்கு வந்துடறேன். பசங்கள நீங்க கூட்டிட்டு வந்துடுங்க. வண்டி, தண்ணி, வீட்டப் பூட்டறது எல்லாம் நீங்க பாத்துக்கங்க. நான் சும்மா வர்றேன்." இந்தச் "சும்மா வர்றேன்" என்பதைத் தயங்காமல் சொல்லுங்கள். முதல் வாரம் மகள் தலை சரியாக வாரியிருக்காது, பாட்டில் மறந்துபோயிருக்கும். இருக்கட்டும். அந்த இடத்தில் நீங்கள் வாயைத் திறந்தால் அடுத்த வாரம் எல்லாம் மறுபடி உங்கள் கைக்கே வந்துவிடும்.

மாலை ஆறு மணியிலிருந்து காலை ஏழரை வரை பீச் ரோட்டில் வண்டி கிடையாது என்பது பாண்டிக்காரர்களுக்குத் தெரியும். தெரிந்தும் அதை நாம் பயன்படுத்துவதில்லை. ஏறக்குறைய ஒன்றரைக் கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு சாலை. அதில் பிள்ளையின் கையைப் பிடிக்காமல் ஓடவிடலாம். இப்படி ஓர் இடம் வேறு எத்தனை ஊரில் இருக்கிறது? சனி, ஞாயிறுதான் உங்களுக்கு வாய்க்கும் என்றால் விடியற்காலையில் போங்கள். இரவெல்லாம் கண்விழித்த விருந்தாளிகள் அப்போதுதான் தூங்கியிருப்பார்கள். நம் கடற்கரையில் சூரியன் கடலிலிருந்து எழும். ஏழு மணிக்குள் திரும்பிவிட்டால் அன்றைய நாள் இன்னும் முழுசாக உங்களிடம் இருக்கும்.

அந்த இடத்துக்கே நான்கு தடவை போங்கள் என்று சொன்னால் வியப்பாக இருக்கும். ஒரே இடமா, பிள்ளைகளுக்குச் சலிக்காதா என்று கேட்பீர்கள். புது இடத்துக்கு முதல் முறை போகும்போது பாதி மனம் வண்டி எங்கே நிறுத்துவது, கழிப்பறை எங்கே, டிக்கெட் எவ்வளவு என்பதிலேயே போய்விடும். மூன்றாம் முறை அந்தக் கவலைகள் ஓய்ந்திருக்கும். குழந்தைகளும் அப்போதுதான் அந்த இடத்தைத் தங்களுடையது ஆக்கிக்கொள்வார்கள். "நம்ம பாறை", "நம்ம சுண்டல் தாத்தா" என்று பேச்சு வரும். எனக்குத் தெரிந்த ஒரு சிறுமிக்குப் பாரதி பூங்காவில் ஒரு மரம் இருக்கிறது. பரீட்சைக்கு முந்தின நாள் அதைத் தொட்டுவிட்டு வருவாள்.

2019-இல் இங்கிலாந்தில் கிட்டத்தட்ட 20,000 பேரிடம் ஓர் ஆய்வு செய்தார்கள். பூங்கா, கடற்கரை, வயல்வெளி போன்ற இடங்களில் வாரத்துக்கு 120 நிமிடமாவது கழித்தவர்கள், அப்படிப் போகாதவர்களைக் காட்டிலும் தங்கள் உடலும் மனமும் நன்றாக இருப்பதாகச் சொன்னார்கள். அந்த இரண்டு மணி நேரத்தை ஒரே மூச்சில் கழித்தாலும் துண்டு துண்டாகக் கழித்தாலும் பலனில் வித்தியாசம் தெரியவில்லை. வெளியே போனதால் நலமா, நலமாக இருப்பவர்கள்தான் வெளியே போகிறார்களா என்பதை அந்த ஆய்வு பிரித்துச் சொல்லவில்லை. ஆனாலும் உங்களைப் போன்றவர்களுக்கு அதில் ஓர் ஆறுதல் இருக்கிறது. முழு நாள் வேண்டியதில்லை. செவ்வாய் மாலை ஒன்றேகால் மணி நேரம், சனிக்கிழமை அரை நாள் வேலை முடிந்து அலுவலகத்துக்கு அருகில் உள்ள பூங்காவில் முக்கால் மணி நேரம். கணக்கு சரியாகிவிட்டது. கணக்கு எழுதுகிறவர் நீங்கள், இதற்கும் ஒரு பற்று வரவு வைத்துப் பாருங்கள்.

இனி மாமியார். மூட்டுவலி என்றதும் அவரை வீட்டில் விடுவது பழகிவிட்டது, அவருக்கும் "நீங்க போய்ட்டு வாங்க" என்று சொல்லிப் பழகிவிட்டது. அவரை நடக்கச் சொல்ல வேண்டாம். ஓர் ஆட்டோவில் வந்து கடலோரச் சுவரில் உட்காரட்டும். பாண்டியிலேயே பிறந்தவர் என்கிறீர்கள், அப்படியானால் பீச் ரோட்டில் பாறை போடுவதற்கு முன் இருந்த மணலில் அவர் விளையாடியிருப்பார். 1980-களின் கடைசியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுகம் கட்டினார்கள். நம் கடற்கரையில் மணல் தெற்கிலிருந்து வடக்காக நகர்ந்துகொண்டே இருக்கும். துறைமுகச் சுவர் அதைத் தடுத்ததும் தெற்கே மணல் குவிந்தது, வடக்கே ஊர்ப்பக்கம் கரை அரித்துப்போனது. அரிப்பைத் தடுக்கத்தான் அத்தனை பாறையும். பிறகு கடலுக்கடியில் ஒரு தடுப்பை இறக்கியதில் தலைமைச் செயலகத்துக்கு எதிரே கொஞ்சம் மணல் திரும்பியிருக்கிறது. இதைப் பாடமாகச் சொன்னால் உங்கள் மகன் காது கொடுக்க மாட்டான். "இங்கதான்டா நான் உன் வயசுல ஓடிப்பிடிச்சு விளையாடுனேன்" என்று அவன் பாட்டி காட்டினால் கேட்பான். வீட்டில் அவர் வலியைப் பற்றி மட்டுமே பேசுகிறார் என்றால், பேச அவருக்கு வேறு எதுவும் நாம் விட்டு வைக்கவில்லை என்றும் அர்த்தம் இருக்கலாம். யோசித்துப் பாருங்கள்.

மணல் திரும்பியது என்பதற்காகப் பிள்ளைகளைக் குளிக்க விடாதீர்கள். பாண்டிக் கடலும் கடலூர் தேவனாம்பட்டினம் வெள்ளிக் கடற்கரையும் பார்க்க அமைதியாக இருக்கும். அடியில் இழுப்பு பலம். நன்றாக நீந்தத் தெரிந்த இளைஞர்கள் வருடா வருடம் போய்க்கொண்டிருக்கிறார்கள். கணுக்கால் நனைந்தால் போதும். நனைந்த பாறை மேல் ஏறுவதும் வேண்டாம்.

மகன் போனைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். 12 வயதுப் பையனுக்கு அம்மா அப்பாவோடு நடப்பது சங்கடமாகத்தான் இருக்கும். அதைக் கோபமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அவனுடைய நண்பன் ஒருவனையும் அழைத்து வரட்டும். இரண்டு பையன்கள் சேர்ந்தால் போன் தானாகப் பைக்குள் போய்விடும். நீங்களும் கணவரும் போனைக் கையில் வைத்துக்கொண்டு அவனிடம் மட்டும் வைக்கச் சொன்னால் அது நடக்காது.

ஐந்து பேரும் எப்போதும் சேர்ந்தே போக வேண்டும் என்பதையும் தளர்த்துங்கள். மகளும் பாட்டியும் ஒரு நாள் தாவரவியல் பூங்காவுக்குப் போகலாம். 1826-இல் பிரெஞ்சுக்காரர்கள் போட்ட தோட்டம், மதியத்திலும் நிழல் இருக்கும். அப்பாவும் மகனும் ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு ஒரு விடியற்காலையில் ஊசுட்டேரிக் கரைக்குப் போகலாம். ரெட்டியார்பாளையத்திலிருந்து பக்கம்தான். புதுச்சேரியின் பெரிய ஏரி அது. குளிர்காலத்தில் வலசை வரும் பறவைகளை அங்கே பார்க்கலாம், கொக்கும் நீர்க்காகமும் எப்போதும் உண்டு. போனை அங்கே படம் எடுக்கக் கொடுங்கள். அவர்கள் போன அந்த இரண்டு மணி நேரத்தில் நீங்கள் வீடு துடைக்கக் கூடாது. இதை நான் கட்டளையாகவே சொல்கிறேன்.

அப்படியானால் துணியும் வீடும் என்ன ஆவது? 12 வயதுப் பையனுக்குத் துணி காயப்போடத் தெரிய வேண்டும், 7 வயதுப் பெண்ணுக்கு மடிக்கத் தெரிய வேண்டும். இரண்டையும் வார நாளில் பிரித்துப் போடுங்கள். ஞாயிற்றுக்கிழமைக் கறிக்குழம்பை மட்டும் நான் தொட மாட்டேன். ஷிப்ட் பார்த்து வரும் மனிதருக்கு அது ஒரு வாரத்து ஆசை. ஆனால் மாதத்தில் ஒரு ஞாயிறு அதை அவரே வைக்கலாம், நீங்கள் வெங்காயம் கூட உரிக்காமல் இருக்கலாம்.

வெயில் காலத்துக்கு ஒரு சொல். கடற்காற்று நிலம் சூடேறிய பிறகுதான் உள்ளே வரும். மேல்காற்று பலமாக அடிக்கிற நாளில் அது வரத் தாமதமாகும், அன்று மாலை கடற்கரையும் அனலாக இருக்கும். அப்படிப்பட்ட நாளில் மொட்டை மாடி போதும். தண்ணீர் தெளித்துவிட்டு, பாய் போட்டு, ஒரே பாத்திரத்தில் சாதத்தைப் பிசைந்து ஆளுக்கொரு உருண்டை கையில் வையுங்கள். நிலாச்சோறு சாப்பிட ஊட்டி தேவையில்லை. பௌர்ணமியன்று முடிந்தால் கடற்கரைக்கே போங்கள். பாதி ஊர் திருவண்ணாமலை பஸ் ஏறியிருக்கும். சூரியன் நம் முதுகுக்குப் பின்னால் ஊருக்குள் இறங்கும் அதே வேளையில் எதிரே கடலிலிருந்து நிலா எழும். முதலில் மங்கிய செம்மஞ்சளாக, அடிவானத்தில் ஒட்டிக்கொண்டு, பிறகு தண்ணீரில் ஒரு பாதை போட்டுக்கொண்டு. மறுநாள் கிட்டத்தட்ட 50 நிமிடம் பிந்தி வரும். கைக்கடிகாரத்தோடு இதைச் சரிபார்க்கும் வேலையை மகளிடம் கொடுங்கள். பௌர்ணமித் தேதி வீட்டு நாட்காட்டியிலேயே இருக்கிறது.

இன்னொன்றும் கேட்டாக வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேலாக எதிலுமே பிடிப்பில்லாமல், தூக்கமும் பசியும் குறைந்து, காரணமில்லாமல் அழுகை வந்துகொண்டிருக்கிறதா? அப்படி என்றால் கடற்கரைக் காற்று அதற்கு மருந்து ஆகாது. ஜிப்மர் மனநலப் பிரிவிலோ உங்களுக்கு வசதியான வேறு மருத்துவரிடமோ காட்டுங்கள். நேரில் போகத் தயக்கமாக இருந்தால் 14416 என்ற அரசு இலவச எண்ணில் தமிழிலேயே பேசலாம். உங்கள் கடிதத்தில் எனக்குக் களைப்புதான் தெரிகிறது, நோய் தெரியவில்லை. இருந்தாலும் கேட்பது என் கடமை.

மகள் கேட்ட தோப்புக்கு வருகிறேன். கடிதத்தின் கடைசியில், போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அந்த ஒரு வரியில்தான் நீங்கள் முழுசாகத் தெரிந்தீர்கள். குடும்பமே கிளம்பினால் அதுவும் ஒரு ஊட்டி ஆகிவிடும். நீங்களும் மகளும் மட்டும் போங்கள். சனிக்கிழமை மதியம் வேலை முடிந்ததும் பண்ருட்டிக்குப் பஸ் ஏறுங்கள், ஞாயிறு மாலை திரும்புங்கள். அந்த ஒன்றரை நாள் வீட்டை அவர்கள் மூவரும் பார்த்துக்கொள்வார்கள். உங்கள் அம்மா வீட்டில் நீங்கள் இன்னும் மகள்தான். அங்கே உங்களுக்குத் தட்டில் சோறு வரும், நீங்கள் உட்கார்ந்து சாப்பிடலாம். இந்த ஆனி மாதத்துக்குள் போனால் பலா இருக்கும். ஆளுக்கு ஒரு மாற்றுத்துணி போதும். கையில் பால் ஒட்டாமல் இருக்க நல்லெண்ணெய் உங்கள் அம்மா எடுத்து வைத்திருப்பார்.